தமிழறியாமல் தமிழைக் கேட்டவர்

கடந்த மாதம் ஒரு வியாழக்கிழமை முற்பகலில், கொலோன் நகர அலுவலகமொன்றில் இலக்கச் சீட்டைக் கையில் வைத்தபடி காத்திருந்தேன். கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதற்கான தெர்மின், அதாவது முன்பதிவு. அது கிடைக்கவே ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. அப்போது முதியோர் இல்லத்துத் தாதி தொலைபேசியில் அழைத்து, நோரா வெதர்பி அம்மையார் அன்று காலை உறக்கத்திலேயே காலமாகிவிட்டார் என்றார். என் இலக்கம் திரையில் தோன்றியது. அதற்கடுத்த இலக்கமும் தோன்றியது. நான் எழவில்லை.

நம் தமிழ் வாசகர் வட்டத்தினருக்கு அவரை, கூட்டங்களில் முன்வரிசையில் கம்பளிச் சட்டையுடன் அமர்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாவாகவே நினைவிருக்கும். அவர் எட்டு நாவல்களை எழுதியவர். இங்கிலாந்தின் வடபகுதித் துறைமுக நகரொன்றில் சலவைத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து, பியானோ திருத்தும் ஜெர்மானியர் ஒருவரை மணந்து இந்நகருக்கு வந்தார். கணவர் மறைந்த பின்னும் திரும்பிப் போகவில்லை. அவருடைய நூல்கள் சொந்த நாட்டில் நெடுங்காலம் அச்சில் இல்லாதிருந்தன. பின்னர் ஒரு தலைமுறை கழித்து, இளம் மாணவியர் பழைய புத்தகக் கடைகளில் அவற்றைத் தேடிப் பிடித்து வாசிக்கத் தொடங்கியதும், மீண்டும் பதிப்பிக்கப்பட்டன. இன்று பல்கலைக்கழகங்களில் அவரை ஆராய்கிறார்கள். அவர் இறந்த மறுநாள், மாபெரும் எழுத்தாளர் என்று புகழ்ந்த பத்திரிகைகளுள் சில, முன்பு அவரை மறக்கப்பட்டவர் என்று எழுதியவை. இதுபற்றி ஒருமுறை கேட்டேன். “புகழ் என்பது மற்றவர்கள் செய்யும் வேலை. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தாலும் நான் என் மேசைக்குப் போயாக வேண்டும்” என்றார்.

எங்கள் அறிமுகம் ஒரு கண்டனக் கடிதத்தில் தொடங்கியது. நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். போர் விடச் செய்தது. ஜெர்மனையும் ஆங்கிலத்தையும் எவரிடமும் பயிலாமல், ஓர் அகராதியையும் நூலக அட்டையையும் கொண்டு நானே கற்றுக்கொண்டேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. மருத்துவமனையொன்றின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பணிபுரிந்தேன். அக்காலத்தில்தான் சலவைக்காரி ஒருத்தியின் கதையான அவரது ‘வெள்ளைச் சலவை’ நூலகத்தில் என் கைக்கு வந்தது. வாசிக்க வாசிக்க வியந்தேன். விரல் நுனிகள் வெடிப்பது முதல், மாலையில் காதுக்குள் இயந்திரம் இரைவது வரை எல்லாம் அதில் இருந்தன. ஆனால் ஓரிடத்தில், அந்தப் பெண் தனியே நின்று நனைந்த பெரிய விரிப்பை உருளை இயந்திரத்துக்குள் கொடுக்கிறாள். அது ஒருவர் செய்யும் வேலையன்று. இருவர் இரு மூலைகளையும் பிடித்து ஒன்றாகக் கொடுக்காவிட்டால் விரிப்புக் கோணலாக இழுபட்டுவிடும். இதைப் பதிப்பகத்தின் முகவரிக்கு எழுதினேன்.

“அம்மா, எழுதின ஆளுக்கே பிழை பிடிக்கிறியளோ?” என்று என் மகள் தர்சினி சிரித்தாள்.

“பிழை எண்டால் பிழைதானே” என்றேன்.

இரண்டு வாரங்களில் ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘நீங்கள் சொல்வது சரி. தேநீருக்கு வாருங்கள்’ என்பது மட்டுமே அதில் இருந்தது. நான் போனபோது, தேநீருக்கு முன்பே தம் கட்டில் விரிப்பை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தார். ஒரு பக்க மூலைகளை என்னிடம் தந்து மறுபக்கத்தைத் தாம் பிடித்துக்கொண்டார். எழுபதைக் கடந்த, உலகறிந்த அந்த எழுத்தாளர், என் கை எப்படிப் போகிறது என்று பார்த்துப் பார்த்து ஐந்து தடவை செய்தார். தரையெல்லாம் நீர். தாம் சலவைக்கூடத்துக்குள் வர அம்மா விட்டதேயில்லை என்றும், இவ்வளவு காலமும் வாசலில் நின்று பார்த்ததையே எழுதியிருப்பதாகவும் சொன்னார். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கம் திருத்தப்பட்டிருந்தது.

அந்நூலைத் தமிழாக்க நான் அனுமதி கேட்டபோது, என்னிடம் எந்தச் சான்றிதழும் இல்லை என்பதைப் பதிப்பகம் சுட்டிக்காட்டியது. மொழிபெயர்ப்பாளருக்கு முறையான அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, இருக்க வேண்டுமாம். அவர் பதிப்பகத்துக்கு எழுதிய பதிலின் நகல் என்னிடமுள்ளது: ‘எனக்கும் இல்லை.’ ஆனால் எனக்கு அவர் ஒரு நிபந்தனை விதித்தார். ஒரு வரியையும் சேர்க்கலாகாது. இது வெறும் பேச்சல்ல என்பதை அறிந்திருந்தேன். ஜெர்மன் மொழிபெயர்ப்பொன்றில் ஒரேயொரு வாக்கியம் கூடுதலாக இருந்ததற்காக, அச்சுக்குப் போன நூலையே அவர் நிறுத்தியிருந்தார்.

அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகலில் நான் முடித்த பக்கங்களை அவருக்குத் தமிழிலேயே உரக்க வாசிக்க வேண்டும். அவர் கண்களை மூடிக் கேட்பார். இடையிடையே கையை உயர்த்தி, “இங்கே உங்களுக்கு நம்பிக்கை இல்லை” என்பார். நான் பார்ப்பேன். பொருள் விளங்காமல் கடந்துவந்த வாக்கியமாகவே அது இருக்கும். நான்கு ஆண்டுகளில் அவர் கை தவறாக உயர்ந்ததாக நினைவில்லை. இதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கமில்லை.

நூல் முடியும் தறுவாயில், வாசகர் வட்டத் தலைவர் அருட்செல்வம் அண்ணையிடம் கையெழுத்துப் படியைக் கொடுத்தேன். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் கணவன் இறந்த செய்தி வருகிறது. அந்தப் பெண் அழவில்லை. எஞ்சிய விரிப்புகளை மடித்து முடிக்கிறாள். நான்கே வரிகள். அண்ணை அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “தங்கச்சி, புருசன் செத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை எண்டால் எங்கட சனம் இவளை மனிசியெண்டே மதிக்காது. யோசியுங்கோ” என்றார்.

அண்ணை என்னை நினைத்துச் சொல்லவில்லை; ஆனாலும் அது என்னைப் பற்றியதுதான். என் கணவரின் இறுதிச் சடங்கில் நான் அழவில்லை. ஒப்பாரி எழுந்த மண்டபத்தில், தர்சினியின் குளிர்ச்சட்டைப் பொத்தான்கள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப்பற்றி ஓராண்டு பேசினார்கள். ஆகவே அந்தச் சலவைக்காரிக்கு நான் கண்ணீரைக் கொடுத்தேன். நெஞ்சிலடித்து, நிலத்தில் புரண்டு, ஐந்து வரிகள். நான் எழுதியவற்றுள் மிகச் சிறந்த தமிழ் அதுதான்.

அந்த ஞாயிறு அந்த இடத்தை வாசித்தேன். அவர் கை உயர்ந்தது.

“இங்கே உங்கள் குரல் அழகாகிவிட்டது. இவ்வளவு நேரமும் வேலை செய்துகொண்டிருந்த குரல், இங்கே மட்டும் அலங்காரம் செய்துகொண்டது. இந்த இடத்தில் நான் என்ன எழுதியிருக்கிறேன்?”

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்று சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுக்க அந்த அறையில் எவருமில்லை. உண்மையைச் சொன்னால் நான்கு ஆண்டு உழைப்பும், நூலின்மேல் என் பெயரும் போய்விடும். மூடிய கண்களோடு அவர் காத்திருந்தார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சேர்த்த ஐந்து வரிகளையும் ஜெர்மனில் சொன்னேன். ஏன் சேர்த்தேன் என்பதையும், அந்தப் பொத்தான்களையும் சொன்னேன்.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். கேத்தலில் நீர் விழும் ஓசை கேட்டது. நான் தாள்களைப் பைக்குள் வைத்து, செருப்பை அணிந்துகொண்டேன்.

“தாள்களை வெளியே எடுங்கள்” என்றார், சமையலறை வாசலில் நின்றபடி. “என் தாயும் அழவில்லை. அன்று பிற்பகல் நாற்பது விரிப்புகள் முடிக்க வேண்டியிருந்தது. ஊர் அவரைப் பேசிய பேச்சு முழுவதையும் நான் கேட்டேன். அந்த நான்கு வரிகளை எழுதுவதற்காகத்தான் மற்ற முந்நூறு பக்கங்களையும் எழுதினேன்.” பிறகு அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார். “இப்போது அவற்றை மட்டும் வாசியுங்கள்.”

வாசித்தேன். கை உயரவில்லை.

வெளியீட்டு விழாவில் அந்தப் பக்கத்தையே வாசிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டதை உங்களிற் பலர் அறியமாட்டீர்கள். நான் அதை வாசித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அருட்செல்வம் அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் வேளையில் நம் வட்டத்துப் புனிதவதி அக்கா எங்களிடம் வந்தார். அவர் அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன். நூலை நெஞ்சோடு அணைத்தபடி, “பிள்ளை, அண்டைக்கு உம்மைப் பற்றிக் கதைச்சது நான்தான்” என்றார். அக்கா என்ன சொல்கிறார் என்று நோரா அம்மையார் என்னைக் கேட்டார்; சொன்னேன். அவர் தம் தட்டில் எஞ்சியிருந்த பொரித்த ரோல்ஸ் சிற்றுண்டியை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார். எவ்வளவு பெரிய செயல் அது என்பதை, ரோல்ஸின்மேல் அவருக்கிருந்த ஆசையை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

அவர் புகழ் நிலைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை; அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் எஞ்சியிருப்பது ஒரு பழக்கம். எழுதியதை உரக்க வாசிக்கிறேன். குரல் அழகாகும் இடத்தில் நிறுத்துகிறேன். இந்த அஞ்சலியின் முதற் படியில், நான் கடைசியாக முதியோர் இல்லத்துக்குச் சென்றபோது அவர் கண்விழித்து, என் கையைப் பற்றி, தமிழில் ஒரு சொல் சொன்னதாக எழுதியிருந்தேன். நல்ல பத்தி. தர்சினி வாசித்துக் கலங்கினாள். பிறகு உரக்க வாசித்துப் பார்த்து, அதை அடித்துவிட்டேன். அவர் கண்விழிக்கவில்லை. நான் ஒரு மணிநேரம் அருகில் இருந்துவிட்டு, பேருந்தேறி வீட்டுக்கு வந்தேன்.