நாலு எண்ணி எழுந்த கை

ஜன்னலை அடைத்தது நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையும் குறை சொல்ல எனக்கு இடமில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்தேன். பஞ்சு அடைப்பது, தைப்பது. படிப்பு அஞ்சாவதோடு சரி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அபிராமபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். கண்ணாடி போட்டவர், இளவயது. மெல்லிசாகப் பதினாலு மெத்தை வேண்டும் என்றார்.

“இத்தனை எதுக்கு சார்? கல்யாணமா?”

“படுத்துக்க இல்லை பாய். செவுத்துல அடிக்கணும். எங்காத்து மாடில ஒரு ரூம் இருக்கு. பாட்டு ரெக்கார்ட் பண்ண.”

கொண்டுபோய் நானே ஆணி அடித்தேன். நாலு சுவரும் முடிந்து இரண்டு மெத்தை மிஞ்சியது. “ஜன்னலுக்குப் போட்டுடுங்கோ,” என்றார். போட்டேன். கடைசி ஆணி இறங்கியதும் தெருவில் கூவிக்கொண்டிருந்த கீரைக்காரி நின்றுபோனாள். காக்கா நின்றுபோனது. என் மூச்சு எனக்கே கேட்டது.

ஆணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்காது. டப்பா மேல் தட்டியது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“பாய், இது என்ன தாளம்?”

“பேரு தெரியாது சார். வியாயக்கெழம அடிக்கிறது.”

அதில் ஆரம்பித்தது.

வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சின்ன தர்கா ஒன்று உண்டு. விளக்கு வைத்த பிறகு என் மச்சான் அங்கே பாடுவான். என் பெண்டாட்டியின் தம்பி. பகலில் தி.நகரில் தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பான். பக்கீர்மார் பாடும் பழைய தமிழ்ப் பாட்டுகள் அவன் தொண்டையில் நூறாவது இருக்கும். நான் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து தாயிரா அடிப்பேன். வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியது அது. கடை இருந்தது, வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கென்று இருந்தது அந்த வலப்பக்கம் ஒன்றுதான்.

அங்கே ஒரு முறை உண்டு. பாட்டில் அந்த தர்காவில் அடங்கியிருக்கும் அவுலியாவின் பேர் வந்ததும் தாயிராக்காரன் உள்ளங்கையைத் தோல் மேல் படுக்கப் போட்டுச் சத்தத்தை நிறுத்த வேண்டும். பாடுகிறவனும் நிறுத்துவான். எவ்வளவு நேரம் என்று கணக்கு கிடையாது. ஒரு மூச்சும் ஆகும், பத்து மூச்சும் ஆகும். அவனாகப் பாட்டை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அவனைத் தொடக் கூடாது. சாம்பிராணி போடுகிறவர்கூடச் சுற்றித்தான் போவார்.

அபிராமபுரத்துக்காரர் இரண்டு வியாழக்கிழமை வந்து கேட்டார். மூன்றாவது வாரம் எங்கள் இருவரையும் அழைத்தார். பக்கீர் பாட்டு, கூட உறுமி, நடுவில் அவருடைய கீபோர்டும் மிஷினும். உறுமிக்காரர் கே.கே. நகர். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு வாசிப்பவர். அறைக்குள் வந்ததும் மெத்தையைக் குத்திப் பார்த்தார்.

“இன்னா நைனா, நாலு செவுரும் மெத்த? பைத்தியம் புடிச்சி முட்டிக்கினாலும் அடி படாது போல.”

எல்லாரும் சிரித்தோம்.

அபிராமபுரத்துக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏற்கெனவே ரெண்டு பேர் பாதில விட்டுட்டுப் போயிட்டா பாய். ஒரு வருஷம் இருப்பேளா?”

தாயிரா மேல் கை வைத்து, இருப்பேன் என்றேன். எங்களில் அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சில்லை. மச்சானிடம் அவர் அதைக் கேட்கவில்லை. என்னிடம் கேட்டால் அவனும் சேர்த்தி என்று நினைத்திருப்பார்.

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. மச்சான் குரலுக்கு அடியில் மிஷினிலிருந்து ஏதோ கடல் மாதிரி வரும். உறுமி அதன் மேல் இழுக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. மச்சானுக்கு மிஷின் என்றால் உயிர். பட்டன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். “இதுக்கு எங்க மச்சான் ஆயில் உடறது?” என்றான்.

ஆனால் மிஷினுக்கு ஒரு எண்ணிக்கை உண்டு. காதில் ஹெட்ஃபோன் மாட்டினால் டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதோடுதான் அடிக்க வேண்டும். காற்றாடிச் சத்தம் ரெக்கார்டில் விழும் என்று அவர் அதை நிறுத்திவிடுவார். ஜன்னல் இல்லை. வேர்வையில் தாயிரா தோல் தளர்ந்துபோகும். மேஜை விளக்கு பல்பில் காட்டிச் சூடேற்றி மறுபடி அடிப்பேன்.

பேர் வரும் இடத்தைப் பற்றி அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷன். தலையாட்டினார். மறுநாள், “நாலு எண்ணிக்கை விட்டிருக்கேன் பாய். டக் டக் டக் டக். அப்புறம் எல்லாரும் சேந்து வரணும்,” என்றார்.

மச்சான் நாலில் வரவில்லை. ஒரு தடவை ஆறு ஆனது. ஒரு தடவை ஒன்பது. மிஷின் கிளம்பிப் போய்விடும், உறுமி கிளம்பிப் போய்விடும், அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். மறுபடி முதலிலிருந்து. ஒரே நாளில் பதினோரு தடவை அடித்தோம். உறுமிக்காரர் துண்டைப் பிழிந்தார்.

“பாய், நீங்க சொன்னா கேப்பார்,” என்றார் அபிராமபுரத்துக்காரர், மாடிப்படியில்.

“மச்சான், நீ சொன்னா அந்தாளு கேப்பாரு,” என்றான் மச்சான், தெருமுனையில். “தையல் மிஷினே காலை எடுத்தா நின்னுடுது. இது நிக்க மாட்டேங்குதே.”

இருவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பேச வராது. வராததை அன்றைக்குச் சௌகரியமாக வைத்துக்கொண்டேன்.

பிறகு அடையாறில் ஒரு மைதானத்தில் கச்சேரி. சாயந்திர நேரம். கூட்டம் நல்ல கூட்டம். மேடை ஏறும் முன் அபிராமபுரத்துக்காரர் என் காதருகில் வந்தார். “பாய், ப்ளீஸ். இன்னிக்கு மட்டும் பாத்துக்கோங்கோ. லைட்டு எல்லாம் மிஷின்லதான் கட்டிருக்கு. விட்டா எல்லாம் விட்டுப் போயிடும்.”

பேர் வந்தது. கையைப் படுக்கப் போட்டேன். மைதானமே அடங்கியது. நாலு போனது. மிஷின் கிளம்பியது. விளக்கு சிவப்பானது. உறுமி இறங்கியது. மச்சான் கண் திறக்கவில்லை. அஞ்சு. ஆறு. அபிராமபுரத்துக்காரர் என்னையே பார்த்தார். ஏழு.

நான் மச்சான் முழங்காலைத் தொட்டேன்.

அவன் திடுக்கிட்டான். தூக்கத்தில் தண்ணீர் ஊற்றினாற்போல. பிறகு பாடினான். அரை அடி பின்னால் வந்து, ஓடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டான். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கை தட்டினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அவன் வேர்க்கடலை வாங்கி எனக்கும் பாதி கொடுத்தான். கடலை தீர்ந்ததும், “தொட்டுட்டியே மச்சான்,” என்றான். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறினோம்.

அடுத்த வாரம் அபிராமபுரத்துக்கு அவன் வரவில்லை. “நான் யாருக்கும் வாக்கு குடுக்கல. நீ குடுத்த, நீ போ,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. முன்னே பாடி எடுத்ததை வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டனுப்பியதற்கு, “கொரலு தான, வச்சிக்க சொல்லு,” என்றான்.

அவர் அந்தக் குரலை நாலு எண்ணிக்கைக்கு வெட்டி ஒட்டி மிஷினுக்குள் போட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த மெத்தை அறையில் மிஷினுக்குள் இருக்கும் மச்சானுக்குத் தாயிரா அடித்தேன். அந்த மச்சான் தப்பே செய்ய மாட்டான். பேர் வரும், கை படுக்கும், டக் டக் டக் டக், டாண் என்று வந்துவிடுவான். உறுமிக்காரர், “இப்போ சுகமா கீது நைனா, சீக்கிரம் ஊட்டுக்குப் போலாம்,” என்பார். வாரத்தில் நாலு நாள். ஒரு நாளைக்கு இருபது தடவையும் அடித்திருப்போம்.

வியாழக்கிழமை மட்டும் வழக்கம்போல தர்கா. வலப்பக்கம் எனக்குத்தான். அது போகாமல் இருக்க வேண்டுமே என்றுதான் வேறு எதுவும் பேசாமல் இருந்தேன். மச்சானும் அடையாறு பேச்சை எடுக்கவில்லை.

அந்த எட்டு மாதத்தின் நடுவில் ஒரு வியாழன். காதில் ஹெட்ஃபோன் இல்லை. கதவு திறந்திருந்தது. வெளியே ஆட்டோ சத்தம். மச்சான் நன்றாகப் பாடினான். பேர் வந்தது. கையைப் போட்டேன். எல்லாரும் அடங்கினார்கள்.

டக். டக். டக். டக்.

என் கை எழுந்து அடித்தது. ஒரே ஒரு அடி. அந்த அமைதியில் தகரம் விழுந்தது மாதிரி கேட்டது.

பின்னாலிருந்து ஒரு கிழவர், “இன்னா பாய், பஸ்ஸு புடிக்கணுமா?” என்றார். சிலர் சிரித்தார்கள். மச்சான் கண் திறக்காமல் பாட்டை எடுத்தான். அரை அடி பின்னால் இருந்தது.

அடுத்த வாரம் ஜாக்கிரதையாக இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுபடி நாலில் கை எழுந்தது. கையைச் சொல்லிப் பயனில்லை. அதற்குச் சோறு போட்டு வளர்த்தவன் நான்.

முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது மச்சான் பக்கத்தில் வந்து நின்றான். என் செருப்பைக் காலால் நகர்த்திக் கொடுத்தான்.

“மச்சான், கொஞ்ச நாளு அந்தாண்ட இடப்பக்கம் குந்து. தாயிராவுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்.”

“கொஞ்ச நாளுன்னா எத்தினி?”

“அதையும் எண்ணாத.”

வருஷம் முடிந்தது. அபிராமபுரத்துக்குப் போவது நின்றது. அவர் வருத்தப்பட்டார், வாசல்வரை வந்து அனுப்பினார். மெத்தை எல்லாம் அப்படியே சுவரில்தான் இருந்தது.

வியாழக்கிழமை இடப்பக்கம் உட்காருகிறேன். பேர் வரும்போது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். உடம்பின் கனம் முழுவதும் அதன் மேல் இருக்கும். நாலில் விரல்கள் அடியில் துள்ளும். மச்சான் இன்னும் எடுத்திருக்க மாட்டான்.