பேய்க்குப் பஞ்சாயத்து பண்ணிய கண்ணகி

சின்னசேலத்துப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் களை எடுக்கப் போகும் ஏழு பெண்களில் கண்ணகிக்கு மட்டும் தனி மரியாதை. வேலையில் சூரப்புலி என்பதால் இல்லை. எல்லாருக்கும் பின்னால் கிடப்பவளே அவள்தான். ஆனால் சாயந்திரம் ஏழு மணிப் பேய் சீரியலை ஒரு நாள் விடாமல் பார்ப்பது அவள் ஒருத்திதான். மற்ற வீடுகளில் அந்த நேரத்துக்கு அடுப்பு வேலை, இல்லாவிட்டால் ஆம்பளைகளின் நியூஸ். அதனால் மறுநாள் காட்டில் அவள் கதை சொல்வாள். அவளுடைய வரிசையில் பாதியைப் பக்கத்து வரிசைக்காரிகள் சேர்த்து எடுத்துவிடுவார்கள். வாயால் களை எடுப்பவள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வாள்.

சீரியலில் மணிமொழி என்றொரு பேய். அவள் செத்தவள் என்று தெரியாமல் கட்டிக்கொண்டவன் இளவரசன். ஆசையாகக் கையைப் பிடிக்க வந்தால் இடி இடிக்கும், விளக்கு அணையும், அவன் கோபித்துக்கொண்டு போவான். இருநூறு நாளாக இதே கூத்து. "உண்மையச் சொல்லிடுடி, சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ" என்று டிவிக்குக் கண்ணகி புத்தி சொல்லாத நாளில்லை.

ஒரு நாள் அந்தப் பேய் உண்மையைச் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து கண்ணகியின் புருஷன் சின்னராசு, லோடு இறக்கிவிட்டுப் பசியோடு வந்து சோறு கேட்டான்.

"செத்தவளக் கட்டிக்கினு அவன் எவ்ளோ பொறுமையா கீறான். உனக்கு அஞ்சு நிமிசம் பொறுக்கல."

"அப்ப அவங்கூடவே குடும்பம் நடத்து."

உளுந்தூர்பேட்டையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனவன்தான். ஒன்பது நாளாயிற்று, ஒரு போன் இல்லை. அவளாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் கௌரவம் என்னாவது? ஒரு தட்டு சோற்றுக்கு எழுந்திருக்காத பெரிய கௌரவம். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தது, அவன் இல்லாமல் வீடே பிடிக்கவில்லை. அப்போதும் ஒரு கண் டிவியில்தான் இருந்தது, வெட்கங்கெட்டவளுக்கு.

ஒன்பதாம் நாள் அந்த டிவியும் நின்றது. ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது. மாசாமாசம் அதைப் போடுவது சின்னராசு. எப்படிப் போடுவதென்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காட்டில் கதை கேட்டார்கள். பார்க்கவில்லை என்றால் முழு வரிசையையும் அவளே எடுக்கவேண்டும். அளந்துவிட்டாள். இளவரசன் திரும்பி வந்தானாம். வாசலில் நின்று, "எம்மேலதான் தப்பு, நீ பேயாவே இருந்தாலும் எனக்கு நீதான் வேணும்" என்றானாம். சொல்லும்போதே அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. பக்கத்து வரிசை ஜெயம்மாள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சோத்து நேரத்தில், கூட்டத்திலேயே சின்னவளான பாரதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, நேத்து நான் போன்ல பாத்தேன். அவன் வரவே இல்ல."

கண்ணகிக்கு முகம் செத்துப்போனது. "யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்லல. மாமாவுக்குப் போன் போட்டுத் தரட்டா?"

வேண்டாம் என்பதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்துவிட்டது. இத்தனை நாள் மனசுக்குள் பேசிப் பார்த்த வசனம் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"டிவி ஓடல," என்றாள்.

"தெரியும்," என்றான் சின்னராசு. "நாந்தான் ரீசார்ஜ் போடல. அதுக்காச்சும் கூப்புடுவியான்னு பாத்தேன்."