இருவர் ஏறும் கதிரை

எண்பத்து மூன்றில் ரொறொன்ரோவுக்கு வந்த எங்களுக்கு அது மூன்றாவது பனிக்காலத்தின் கடைசி. கணவர் வேலைத்தல நண்பர்களோடு பனிச்சறுக்கு விளையாடப் புறப்பட்டார். கூட்டத்தில் லிண்டா என்றொருத்தி இருந்ததால் நானும் போனேன்.

காலையில் நல்ல வெயில். கீழ்ச் சரிவில் விழுந்தெழும்பியதில் வியர்த்துவிட, ஜக்கெற்றைக் கழற்றி வேலியில் போட்டேன். கம்பிவடத்தில் கதிரைகள் தொங்க உச்சிக்குப் போகும் லிஃப்டில் ஒரு கதிரையில் இரண்டு பேர்தான் இருக்கலாம். வரிசையில் இவருக்குப் பக்கத்தில் லிண்டா சிரித்துக்கொண்டு நின்றாள். ஜக்கெற்றை மறந்து, தட்டுத்தடுமாறிப் போய், அவளை விலக்கிவிட்டு இவரோடு ஏறினேன்.

பாதி வழியில் காற்றுச் சுழன்றடித்தது. லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். வெயில் போய் ஈரப்பனி கொட்டியது. அந்தரத்தில் ஆடிய கதிரையில் எனக்கு விரல்கள் விறைத்துப்போயின. இவர் தன் ஜக்கெற்றில் பாதியை என்மேல் போர்த்தினார்.

"ஜக்கெற்றையும் போடாமல் ஏன் அவசரமா வந்தனீர்?"

நான் இவருடைய ஜக்கெற்றை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பின்னால பாரும். உம்மட ஜக்கெற்றை லிண்டா கொண்டு வாறா."

அடுத்த கதிரையில், அவள் மடியில் அது பத்திரமாக இருந்தது. அவளுடைய நல்ல மனசு என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

இப்போது எவ்வளவு வெயிலென்றாலும் ஜக்கெற்றைப் பூட்டிய பிறகுதான் வரிசைக்குப் போகிறேன். லிண்டாவை என்னோடு இருத்திக்கொள்கிறேன். இவர் பின்கதிரையில் தனியாக வருவார்.