யாரிடமிருந்து யாருக்கு

இந்த ஊரில் அந்த நோயின் பெயரைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகச் சொல்கிறார்கள். பாரீஸ் புறநகரில் இருக்கும் என் கடைக்கு கிளேர் என்றொரு அம்மாள் வாராவாரம் வருவார். கிருமிகளை ஆராய்பவர். தோசையைக் கத்தியால் அறுத்துச் சாப்பிட்டுக்கொண்டே, எதிரில் இருக்கும் சிநேகிதியிடம் எச்.ஐ.வி., எச்.ஐ.வி. என்பார், நாம் கத்தரிக்காய் விலை பேசுவதுபோல. பக்கத்து மேசைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சிதம்பரத்தில் என் தங்கை அஞ்சலையின் புகுந்த வீட்டிலோ, இத்தனை வருடமாக அதை ‘அது’ என்றுதான் சொல்கிறார்கள்.

நான் எட்டாவது பெயில். கடலூர் முதுநகரில் ஓட்டல் மேசை துடைத்தவன். இன்று பிரான்சில் எனக்கு இரண்டு கடைகள். பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அரைகுறை பிரெஞ்சை வைத்துக்கொண்டே நகராட்சியோடு மல்லுக்கட்டி உரிமம் எடுத்தவன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதிலென்ன? நான் கைவைத்து முடியாமல் போன காரியம் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதச் சொன்னவளும் அஞ்சலைதான். “மறைச்சு மறைச்சு என்னத்தக் கண்டோம், எழுதுண்ணே” என்றாள்.

அவள் புருஷன் வடநாட்டுக்கு லோடு ஓட்டியவர். தலைப்பிரசவத்தில் அஞ்சலைக்கு ரத்தம் ஏற்றினார்கள். எது எங்கிருந்து வந்தது என்று யார் கண்டது? இரண்டாவது முறை உண்டானபோது வழக்கமான பரிசோதனையில் அவளுக்கு இருப்பது தெரிந்தது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. புருஷனோ, படுக்கையில் விழும்வரை ரத்தம் சோதிக்க ஊசி குத்திக்கொள்ளவே மறுத்துவிட்டார். அவர் போனதும் அவருடைய அண்ணன் ராசேந்திரன் தெருவே கேட்கச் சொன்னார்: “மொதல்ல யாருக்குத் தெரிஞ்சுது? இவளுக்குத்தானே? அப்ப இவதான் கொண்டாந்தா.” அன்றோடு அவள் வெளியே. மகள் பிரியாவை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அஞ்சலை திருவந்திபுரத்தில் வாடகை அறை எடுத்து, பூ கட்டி, அரசாங்க மாத்திரை போட்டுக்கொண்டு திடமாகத்தான் இருக்கிறாள். பிரியா அவளோடு ஒளிந்து ஒளிந்து போனில் பேசும். பெரியப்பா முன்னால் வாய் திறக்காது.

இந்த வருடம் பிரியாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. அஞ்சலை கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. “மேடையேத்த வேணாம்ணே. தாலியறுத்தவ, எனக்குத் தெரியாதா? பந்தியில எனக்கொரு இலை போட்டாப் போதும். பார்சல் குடுத்தனுப்புறோம்ங்கறாங்க. அங்க பெரிய பெரிய மிஷினெல்லாம் இருக்காமே. யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியுமான்னு கேளேன்.”

“இன்னாம்மா நீ, இதெல்லாம் ஒரு வேலையா? முடிச்சாச்சுன்னு வச்சுக்க” என்றேன்.

கிளேர் அம்மாள் வந்ததும் எதிரே போய் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “பயப்படாதீங்க முசியே, இப்ப நல்ல மருந்து இருக்கு.” எனக்கில்லை, தங்கைக்கு என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல இன்னும் இறுக்கமாகப் பிடித்தார். பரிமாறுகிற பாண்டிச்சேரிப் பையன் வந்து விளக்கிய பிறகுதான் விட்டார். வியாதி எனக்கென்று நினைத்துக்கொண்டே பிடித்த கை அது. என் தங்கையின் கையை யாரும் அப்படிப் பிடித்துப் பல வருடமாகிறது.

மேசைமேல் விரித்த காகிதத்தில் ஒரு மரம் வரைந்தார். கிருமி பெருகப் பெருகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுமாம். ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலுள்ள கிருமிகளை ஒப்பிட்டு, எது எதற்கு நெருக்கம் என்று கம்ப்யூட்டர் மரம் மரமாகப் போட்டுப் பார்த்து, எந்த மரத்தின்படி நடந்திருக்க ஜாஸ்தி வாய்ப்பு என்று சொல்லுமாம். நோய் எந்த வழியாக ஊர் ஊராகப் பரவியது, எங்கே தடுக்கலாம் என்பதற்குத்தான் அந்தக் கணக்கு. இரண்டு பேரை நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல அல்ல. முதலில் தெரிந்தவர்தான் முதலில் வாங்கியவர் என்பதும் இல்லை. நடுவில் ரத்தம் சோதித்தே பார்க்காத மூன்றாவது ஆள் இருக்கலாம் என்று ஒரு கிளையைப் புள்ளி புள்ளியாகப் போட்டார். போதாததற்கு, செத்தவர் ரத்தத்துக்கு எங்கே போவது?

“செலவு எவ்வளவானாலும் நான் பாத்துக்கறேன் மேடம்.”

“காசில்லை முசியே. தெரியாது. அதுதான் பதில். எவ்வளவு தெரியாது என்று கணக்குப் போடுவதும் எங்கள் வேலைதான்.”

தெரியாது என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

அஞ்சலையிடம் எப்படிச் சொல்வதென்று தவித்து, ஒருவழியாகப் போனில் சொன்னேன். “அவ்ளோ படிச்சவங்களே தெரியாதுங்கறாங்களா? அப்ப எங்க மூத்தாருக்கு மட்டும் எப்படிண்ணே தெரிஞ்சுது?” என்றாள். குரலில் ஒரு தெம்பு. எனக்கும் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரனையே மடக்கியவன், ராசேந்திரன் எம்மாத்திரம்? உடனே போன் போட்டு, பிரான்சு தேசத்து ஆராய்ச்சிக்காரர்களே சொல்ல முடியாது என்கிறார்கள் என்று ஒரு பிடி பிடித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “சரி மச்சான். இவ இல்லன்னு அவுங்களும் சொல்லலியே?”



கல்யாணத்தன்று இங்கே விடிந்து கொஞ்ச நேரம். கடை திறக்கவில்லை. அஞ்சலை வீடியோவில் கூப்பிட்டாள். சிதம்பரத்து மண்டபம், நீளப் பந்தி, வரிசையாக இலைகள், ராசேந்திரன் சாம்பார் வாளிக்காரனை விரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகமாகத் தேடினேன்.

“நீ எங்கம்மா உக்காந்திருக்க?”

“நான்தாண்ணே போனப் புடிச்சிருக்கேன். வாசப்படியில நிக்கிறேன்.”

“சாப்ட்டியா?”

“பார்சல் குடுத்துட்டாங்க.”

“பிரி. அங்கயே, இப்பவே சாப்புடு. நானும் சாப்புடுறேன்.”

முந்தின நாள் சாதத்தில் மோரை ஊற்றி எடுத்துக்கொண்டு, காலி மேசையில் தண்ணீர்க் குவளைமேல் போனைச் சாய்த்து வைத்தேன். அவள் போனைத் தன் பக்கம் திருப்பவில்லை. திரையில் அந்தப் பந்தியே ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேருமே இல்லாத பந்தியைப் பார்த்தபடி நான் சாப்பிட்டேன். பொட்டலக் காகிதம் சரசரப்பதும், அவள் மென்று விழுங்குவதும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.