பதினேழாவது கேள்வி

அந்தப் படிவத்தில் பதினேழாவது கேள்வி கைகால் மரத்துப்போவதைப் பற்றியது. பக்கத்தில் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். எண்பதுகளின் நடுவில், பல்கலைக்கழக விடுமுறையில், பாயான் பாரு அடுக்குமாடிகளில் ஏறி இறங்கி அந்தக் கட்டங்களில் கோடு போடுவது என் வேலை. மின்னணுத் தொழிற்சாலைப் பெண்களின் உடம்புக்கும் அவர்கள் பார்க்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் பேராசிரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். 'உண்டு' என்றவர்களை மருத்துவமனைக்கு அழைத்து நரம்புச் சோதனை செய்வார்கள். தேவைப்பட்டால், வேலையை மாற்றச் சொல்லி அவர்கள் கையிலேயே ஒரு கடிதம் தருவார்கள். அதை முதலாளியிடம் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம்.

முதல் நாளே பேராசிரியை இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். ஒவ்வொரு வாசலிலும், "உங்கள் பேர் எங்கேயும் வராது, முதலாளிக்குப் போகாது" என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர் வீடு வந்தால் அந்தத் தாளை வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் வாரம் எங்கள் வீடே வந்தது. அக்காவின் பெயர்.

எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்ட வைத்தது அக்கா. அப்பா போன பிறகு அவள்தான் பேக்டரிக்குப் போனாள். சின்னச் சின்னப் பாகங்களை 'மருந்துத் தண்ணி'யில் முக்கித் துடைக்கிற வேலை. குளித்த பிறகும் அவள் தலைமுடியில் அந்த வாசனை இருக்கும். சில மாதங்களாக ரவிக்கை ஊக்கை அம்மாதான் மாட்டிவிட்டார். இரண்டு கிளாஸ் கைநழுவி உடைந்திருந்தது.

வேறொரு மாணவன் வந்து கேட்பான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"யாரோ ஒரு பையன் வந்து, கல்யாணம் ஆகாத பொண்ணோட நோயை எழுதிக்கிட்டுப் போறதா? அடுத்த வாரம் பட்டர்வொர்த்திலேர்ந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. மாப்பிள்ளையோட அத்தை மகளும் அதே பேக்டரி. நீயே எழுதுடா."

தாளை நானே வைத்துக்கொண்டேன்.

காலை ஷிப்ட் முடிந்து வந்த அக்கா, சீருடையோடு பாலில்லாத தேநீர், தே-ஓ, குடித்துக்கொண்டிருந்தாள். என் கையில் படிவத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க சார், உக்காருங்க சார். சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்க லா."

நான் சிரிக்காமல், "தங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது" என்று வாசித்தேன்.

"தங்களா! நேத்து என் மீன் துண்டைத் தின்னப்ப இந்தத் 'தங்கள்' எங்கடா போச்சு?"

பதினாறு கேள்விகள் இப்படியே போயின. பதினேழாவதைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது. கையில் இருந்த கிளாஸைப் பார்த்தாள். அப்போதுதான் மறுபடி ஊற்றிய, கொதிக்கிற தே-ஓ. எனக்கும் ஒரு கிளாஸ் வைத்திருந்தாள், நான் அதைத் தொட முடியாமல் ஆறவிட்டிருந்தேன். அவளோ உள்ளங்கை முழுக்கப் பற்றியிருந்தாள்.

"இல்லேன்னு எழுது," என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து. "கடுதாசியில ஏறிட்டா யாரு கண்ணுல படும்னு தெரியாது."

"இது ரகசியம்மா. யாருக்கும் போகாது."

"கல்யாணம் முடியறவரைக்கும் பொறுக்க முடியாதா உன் ரகசியத்துக்கு?"

அக்கா என்னையே பார்த்தாள். "நீ சொல்லு தம்பி. நீதானே படிச்சவன். என்ன போடலாம்?"

எத்தனை வாசல்களில் சத்தியம் செய்வதுபோலச் சொல்லிய வார்த்தை! என் வீட்டுக்குள் வந்ததும் நானே அதை நம்பவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். "கல்யாணம் முடியட்டும் அக்கா. நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

பெண் பார்க்க வந்த அன்று, தட்டு ஆடினாலும் சிந்தாதபடி எல்லாக் கோப்பையிலும் அம்மா பாதிதான் ஊற்றினார். சம்பந்தம் முடிவாயிற்று. கல்யாணமும் நடந்தது.

எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்த ஒரு மலாய்க்கார அக்கா 'உண்டு' என்று சொல்லியிருந்தார். அவரை அழைத்தார்கள், சோதித்தார்கள், கடிதம் தந்தார்கள். பேக்டரியில் பெட்டி கட்டும் பகுதிக்கு மாறினார். அடுத்த வருஷம் அவர் வாசலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோப்பதை நானே பார்த்தேன். என் அக்காவை யாரும் அழைக்கவில்லை. தாளின்படி அவளுக்கு ஒன்றுமில்லை.

அவள் பட்டர்வொர்த்திலிருந்து பெரிப் படகில் ஏறி, பஸ் பிடித்து, அதே மருந்துத் தண்ணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். எனக்குப் பரீட்சை, பிறகு வேலை தேடல். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கடைசியில் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். "முதல்லேயே வந்திருக்கலாமே," என்றார். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வேலை, டாக்டர்," என்றாள்.

வேலையை விட்ட பிறகும் விரல்கள் முழுதாகத் திரும்பவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே, பாலர் பள்ளிக்குக் கிளம்பிய மகனின் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். பொத்தான் துளைக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே பள்ளி வேன் ஹாரன் அடித்தது.

அக்கா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சார், இப்ப கேளுங்க சார். சரியா பதில் சொல்றேன்."

குனிந்து, பிள்ளையின் சட்டையில் ஐந்து பொத்தான்களையும் போட்டுவிட்டேன்.