அகல ரிம்மும் தங்கச்சி கல்யாணமும்

இன்று பிரிக்பீல்ட்ஸில் தங்கைக்குக் கல்யாணம். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மணமக்களை ஏற்றிப்போக என் பழைய மோரிஸ் மைனர்தான்.

போன மாதம்தான் கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் முனியாண்டி அண்ணனிடம் நான்கு இரும்பு ரிம்மையும் கொடுத்தேன். நடுவில் அறுத்து, பட்டை வைத்து வெல்டிங் செய்து, நன்றாக அகலமாக்கிக் கொடுத்தார்.

அப்போதே கேட்டார். "பின்னால ஆள் ஏறுவாங்களா தம்பி? அரிசி மூட்டைய ஏத்தி, டயர் இடிக்குதான்னு பாத்துட்டு வெல்டிங் அடிக்கலாம் லா."

"ஆள் எல்லாம் ஏத்த மாட்டேண்ணே. இது ஷோ கார்."

இன்று மணமக்களும் தோழிப்பெண்ணும் பின்னால் ஏறினார்கள். கார் அப்படியே உட்கார்ந்தது. கொஞ்சம் நகர்ந்ததும் டயர் மட்கார்டில் உரசி, நாதஸ்வரத்தை மீறி அலறியது.

கல்யாணத்துக்கு வந்திருந்த முனியாண்டி அண்ணன் குனிந்து பார்த்தார். "ரிம்முல ஒன்னும் இல்ல தம்பி. ஆள இறக்கு."

தங்கை பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமாவின் லோரியில் ஏறினாள். மாப்பிள்ளையும் மாலையோடு பின்னாலேயே ஏறினார்.

போட்டோ எடுக்க வந்தவர் மட்டும், "வீல் செம லா, அண்ணே!" என்று மிச்சமிருந்த பிலிமை என் காருக்கே செலவழித்தார்.

யாருக்காவது கல்யாணக் கார் வேண்டுமென்றால் சொல்லுங்கள். முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மாப்பிள்ளைக்கு லைசென்ஸ் இருந்தால் போதும்.