அந்த ஓம் வேறு ஓம்

முல்லைத்தீவு நீதிமன்ற வாசலில் என்னைக் கண்டால், "கம்பனி அப்புக்காத்து வாறா" என்று சிலர் சொல்வார்கள். என் காதில் விழவேண்டும் என்றே சொல்வார்கள். அப்புக்காத்து என்ற அந்தப் பழைய சொல்லில் பாதி மரியாதை, பாதி நக்கல். நான் சட்டத்தரணி. பொருள்களைச் செய்து விற்கிறவர்கள்மேல் வழக்கு வந்தால் அவர்களுக்காக வாதாடுகிறவள். தண்ணீர்ப் பம்போ, மருந்தடிக்கிற டாங்கியோ, பைபர் வள்ளமோ, எது பழுதாகி யாருக்குக் காயம் பட்டாலும், அதைச் செய்தவருக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன். "கை போனவன்ர பக்கம் நிக்காமல் காசுக்காரன்ர பக்கம் நிக்கிறியே" என்று என் சொந்த அக்காவே கேட்டிருக்கிறார். செய்தவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும், அதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும் என்பேன். கோபம் வந்தால், "அப்ப நீ சோறு போடு, நான் பக்கம் மாறுறன்" என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், இந்தத் தொழிலில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் என் கட்சிக்காரர்கள்தான். அவர்களில் முதல் ஆள் வவுனியாவில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் கச்சான் கோது, அதாவது நிலக்கடலை ஓடு, உடைக்கும் மெஷின் செய்கிறவர். இடம்பெயர்ந்து போய், பல வருடம் கழித்து ஊர் திரும்பி, ஒரு வெல்டிங் மெஷினோடு தொடங்கிய பட்டறை அது. அவருடைய மெஷின் ஒன்றில் வற்றாப்பளைப் பக்கத்துப் பெண் ஒருவரின் வலக்கை அகப்பட்டு மூன்று விரல்கள் போய்விட்டன. கோயில் திருவிழாக்களில் கச்சான் விற்றுப் பிழைத்தவர். பெல்ட்டுக்கு மூடி போடாமலே மெஷினை விற்றார்கள் என்று வழக்குப் போட்டார். "மூடி இல்லாம ஒரு மெஷினும் என்ட பட்டறையால வெளிய போகாது மிஸ்" என்றார் நானா. அதை அவர் மனதார நம்பினார். ஆகவே எங்கள் வாதம் இதுதான்: மூடியைக் கழற்றியது அந்தப் பெண். அது உண்மையானால் அவருக்கு ஒரு சதமும் கிடைக்காது. பொய்யானால் நானாவின் பட்டறைக்கு இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

குறுக்கு விசாரணையில் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. நாங்களே சொல்லிவிட்டு, சாட்சியின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்தப் பெண்ணிடமும் அப்படித்தான் தொடங்கினேன்.

"அக்கா, மெஷின் மூடியோடதான் வந்தது."

"ஓம்."

"கோது அடைக்குதெண்டு நீங்கள்தான் அதைக் கழட்டினீங்கள்."

"ஓம்."

"கழட்டினாப் பிறகுதான் கை அம்பிட்டது."

"ஓம்."

மூன்று ஓமும் பதிவாகின. எதிர்த்தரப்பு இளம் சட்டத்தரணி குனிந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீதிபதி மதிய இடைவேளை விட்டார். வழக்கு என் கைக்கு வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். எனக்கோ அந்த ஓம்களில் நம்பிக்கை வரவில்லை. மூன்று ஓமும் நான் வசனத்தை முடிக்கமுன்னரே வந்திருந்தன. எங்கள் பக்கத்தில் ஒருவர் கதைக்கும்போது பேசாமல் நின்றால் அவமரியாதை. அதனால் ஓம், ஓம் என்று கொண்டிருப்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ என்பதுதான் அதன் பொருள். பதிவில் ஏறிவிட்டால் அந்த ஓமுக்கும் சம்மதம் சொல்லும் ஓமுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் உருத்திரபுரத்தில் பிறந்தவள், இதை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் வழக்கு என்னுடையதல்ல, நானாவினுடையது. அவர் சொல்லாமல் அவருக்குக் கிடைத்த வெற்றியை நான் குலைக்க முடியாது. வேப்பமரத்தடியில் அவர் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் அப்பிடித்தான் பட்டது மிஸ். சந்தோசப்படப் பாத்தன். முடியல்ல."

"திருப்பிக் கேட்டால் வழக்குத் தோத்தாலும் தோப்பம் நானா."

"கேளுங்க. அவ கழட்டல்லயெண்டா அத நான் தெரிஞ்சிருக்க வேணும். அதே மாதிரி இன்னும் எத்தின மெஷின் எங்கெங்க ஓடுதோ."

அந்த மரத்தடியில் அந்த மனிதரைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. கும்பிடவில்லை. "சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

பின்னேரம் நீதிபதியிடம் அனுமதி கேட்டேன். தனக்குச் சாதகமான பதிலைத் திருப்பிக் கேட்கிற சட்டத்தரணியை அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

"அக்கா, காலமை நான் சொன்னனான். இப்ப கேக்கிறன். மெஷின் வரேக்க மூடி எங்க இருந்தது?"

"மூடி தனியாப் பெட்டிக்குள்ள வந்தது மிஸ். கொண்டுவந்து பூட்டினவர், இதுக்கு வேற ஆணி வேணும், பேந்து வந்து போட்டுவிடுறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். வரவேயில்லை."

"அப்ப காலமை ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"நீங்கள் கதைச்சீங்கள். நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினைப் பொருத்தப் போனவர் நானாவின் பட்டறை ஆள்தான். பின்வாங்கில் இருந்த நானா எழும்பி நின்றார். "போதும் மிஸ்" என்றார்.

அன்றைக்கே சமரசம் பேசினோம். நட்டஈடு கொடுக்கிறேன், விற்ற மெஷின் ஒவ்வொன்றையும் தேடிப் போய் நானே மூடி பூட்டுகிறேன் என்றார் நானா. பிற்காலத்தில் பட்டறை மூடப்படவில்லை. ஆட்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள். ஆனால் அது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது. எல்லாம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் எழும்பி நின்றார். "எப்படி உனக்கு நித்திரை வருகுது?" என்று என் சொந்த அக்கா கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் ஞாபகம் வருவார்.

உடன்படிக்கைத் தாளை மேசையில் வைத்தார்கள். அந்தப் பெண் பேனையை இடக்கையில் எடுத்தார். வலக்கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. முதல் எழுத்தை எழுதும்போதே தாள் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்து வைத்தார், மறுபடியும் வழுக்கியது. நானா நான்கு எட்டில் வந்து, கிறீஸ் படிந்த தன் இரண்டு கைகளாலும் தாளை அழுத்திப் பிடித்தார்.

"ஆறுதலா எழுதுங்க தங்கச்சி" என்றார்.

எழுத்துகள் கோணல்மாணலாக, ஒவ்வொன்றாக வந்தன. கடைசி எழுத்து முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.